ஒரு காலை ஊன்றி மறு காலை எடுங்கள்

(பட்டுப்புழு வளர்ப்புப் பயிற்சியின் நிறைவு நாளில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



ஐந்து நாட்களாக மல்பெரி நடவு முதல் கூடு அறுவடை வரை கற்றுக்கொண்டீர்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘மல்பெரிச் சாகுபடி நுட்பங்கள்’. அதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் நேற்று மாலை பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. இங்கே வந்திருப்பவர்களில் பாதிப்பேர் இன்னும் முழுநேர உழவர்கள் அல்ல. பனியன் கம்பெனியில் தையல், நூற்பாலையில் ஷிப்ட், லாரி ஓட்டம் என்று சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். ஊரில் ஒன்றோ இரண்டோ ஏக்கர் பூமி இருக்கிறது. கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். ‘வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா’ என்ற கேள்வியோடு வந்திருக்கிறீர்கள்.

இறங்கலாம். ஆனால் எப்போது இறங்குவது, எப்படி இறங்குவது என்பதுதான் கேள்வி. தொழில் மாறுகிற குடும்பங்கள் பெரும்பாலும் புதிய தொழிலால் கெடுவதில்லை. பழைய சம்பளம் நின்று புதிய வருமானம் வரும் வரை உள்ள இடைக்காலத்தைக் கணக்கில் எடுக்காததால்தான் கெடுகின்றன. இதுவே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

என் அனுபவம்

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வேளாண்மைப் பட்டம் பெற்றபின் நான் நான்கு ஆண்டுகள் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். 2011-ல் திருமணம், 2012-ல் பெண் குழந்தை. மேற்படிப்புப் படித்து ஆசிரியர் பணிக்குப் போக வேண்டும் என்ற ஆசை விடவில்லை. 2013-ல் வேலையை விட்டு எம்.எஸ்ஸி. (வேளாண்மை) சேர்ந்தேன். இரண்டு ஆண்டுப் படிப்புக் கட்டணம், புத்தகம், விடுதிச் செலவு எல்லாவற்றையும் பைசா விடாமல் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வீட்டுச் செலவைக் கணக்குப் போடவில்லை. ‘எப்படியும் ஓடிவிடும்’ என்று நினைத்தேன்.

மூன்றாம் மாதம் குழந்தைக்கு நிமோனியா காய்ச்சல். எட்டு நாள் மருத்துவமனை. கையில் இருந்த பணம் அதோடு தீர்ந்தது. நான்காம் மாதம் என் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அந்த இரண்டு ஆண்டுகளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது என் படிப்பால் அல்ல. ஊரில் என் தந்தை வைத்திருந்த இரண்டு கறவை மாடுகளால். சங்கத்தில் ஊற்றிய பாலுக்கு வந்த பணத்தில் ஒரு பங்கை அவர் தவறாமல் அனுப்பினார். படித்த பிள்ளை போட்ட திட்டத்தில் இல்லாத வரவு அது. என் முடிவு தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அதன் செலவை நான் என் மனைவியின் தலையில் கேட்காமலே ஏற்றினேன். அதைத்தான் நீங்கள் செய்ய வேண்டாம் என்கிறேன்.

மல்பெரியின் கணக்கு

இப்போது பயிருக்கு வருவோம். இடைக்காலம் எவ்வளவு நீளம் என்பதைப் பயிரே சொல்லும்.

மைசூரில் உள்ள மத்திய பட்டு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிலையம் உருவாக்கிய வி1 ரகமே இன்று நம் பகுதியில் பெரிதும் பயிராகிறது. மூன்று அடிக்கு மூன்று அடி இடைவெளியில் ஏக்கருக்கு 4,840 செடி கொள்ளும். இணைவரிசை முறையில் இரு வரிசைக்கு நடுவே மூன்று அடியும், அடுத்த இணைக்கு ஐந்து அடியும் விட்டு, செடிக்குச் செடி இரண்டு அடி வைத்தால் 5,445 செடி கொள்ளும். அடியுரமாக ஏக்கருக்கு எட்டு டன் தொழு உரம் வேண்டும். வேர் பிடித்த நாற்றை ஜூன், ஜூலையில் மழை ஈரத்தில் நடுவது நன்று.

நட்ட செடி புழுவுக்கு இலை கொடுக்க ஐந்து முதல் ஆறு மாதம் ஆகும். ஜூன் கடைசியில் நட்டால் டிசம்பரில்தான் முதல் வளர்ப்பு. இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடித்த புழுவை வாங்கி வந்தால், அது கூடு கட்டத் தொடங்க ஏறக்குறைய 18 முதல் 20 நாள். கூடு முற்றி அறுவடையாக மேலும் ஒரு வாரம். ஆக, கூடு விற்ற முதல் ரூபாய் உங்கள் கைக்கு வருவது ஜனவரியில். அதுவும் முழு மகசூல் அல்ல. தோட்டம் முழு இலை கொடுப்பது இரண்டாம் ஆண்டில்தான்.

ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதம். இந்த ஏழு மாதமும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். ஜூன் மாதம் நடவுக் கூலி கொடுக்கும் மாதம் மட்டுமல்ல, பள்ளிக்கூடம் திறக்கிற மாதமும் கூட என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரு கணக்குக்காக மாத வீட்டுச் செலவு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மாதத்துக்கு 1,05,000. முதல் ஆண்டில் ஒரு வளர்ப்பாவது தோற்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். கவாத்து செய்த தோட்டம் மீண்டும் இலைக்கு வர ஏறத்தாழ இரண்டு மாதம், அதற்கு 30,000. காய்ச்சல், பள்ளிக் கட்டணம், உறவினர் வீட்டு விசேஷம் என்று 20,000. மொத்தம் 1,55,000 ரூபாய். இது நாற்றுக்கோ, புழு வளர்ப்பு மனைக்கோ, தளவாடங்களுக்கோ ஆகும் செலவு அல்ல. குடும்பம் சாப்பிடுவதற்கு மட்டும். உங்கள் வீட்டுச் செலவு கூடவோ குறையவோ இருக்கலாம். அவரவர் கணக்கை அவரவர் போட வேண்டும். இந்தத் தொகையைத் தனியே எடுத்து வைக்காமல், கையிலிருப்பதை எல்லாம் மனை கட்டுவதில் போட்டவர், முதல் வளர்ப்பு வரும் முன்பே வட்டிக்கடைக்குப் போக நேரிடும்.

ஒரு குடும்பம் சென்ற வழி

உடுமலைப்பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர். இரண்டு குழந்தைகள், ஆறு வயதில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று. தகப்பனார் பங்கில் இரண்டு ஏக்கர், ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனம். 2022 மே மாதம் என்னைத் தேடி வந்தார். “அடுத்த மாசம் கம்பெனிக் கணக்கை முடிச்சுக்கிறனுங்க சார். பி.எப். பணத்தை எடுத்து மனை கட்டி, இரண்டு ஏக்கரிலயும் மல்பெரி வச்சிடலாம்னு இருக்கனுங்க” என்றார்.

“எத்தனை வருட சர்வீஸ்?” என்று கேட்டேன். எட்டரை ஆண்டு என்றார். பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தார். “நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்றேன். “பையனுக்கு மூணு வயசுதானுங்க சார். புழுவுக்கு மூணு வேளை தழை போடணும்னு சொல்றாங்க. அதுக்கு ஆள் நான்தானே?” என்றார். அந்த அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. அவர் கணவர் அதுவரை அதை யோசிக்கவில்லை.

மூவரும் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வேலையை விடுவதில்லை. அரை ஏக்கர் மட்டும் நடுவது. அதை இணைவரிசையில் நட்டு, ஐந்தடி இடைவெளியில் பச்சைப்பயறு ஊடுபயிர் செய்வது. அறுபத்தைந்து, எழுபது நாளில் பயறு வீட்டுக்கு வந்துவிடும், மண்ணுக்கும் நல்லது. மீதி ஒன்றரை ஏக்கரில் வழக்கமான சோளமும் தீவனமும், ஒரு கறவை மாடும் அப்படியே இருப்பது. மனைக்குக் கடன் வாங்காமல், வீட்டை விட்டுத் தள்ளித் தென்னங்கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டு, 50 முட்டைத் தொகுதிப் புழுவோடு தொடங்குவது. கடைசி எட்டு நாள் மட்டும் கணவர் விடுப்பு எடுப்பது.

கடைசி எட்டு நாள் ஏன் என்று கேட்பீர்கள். புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் மிகப் பெரும் பகுதியை ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது. அந்த ஒரு வாரத்தில் தண்டு வெட்ட, சுமக்க, பரப்ப, கழிவு நீக்க ஒரு ஆள் போதாது. சிறு குழந்தை உள்ள தாய் தனியே செய்தால் குழந்தையும் வாடும், புழுவும் வாடும்.

ஜனவரி 2023-ல் முதல் வளர்ப்பு. 35 கிலோ கூடு கிடைத்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. “பார்த்தீங்களா சார், அப்பவே விட்டிருக்கலாம்” என்றார். மார்ச்சில் இரண்டாம் வளர்ப்பு. அடுத்த காட்டுக்காரர் தைப்பட்ட மக்காச்சோளத்துக்குப் படைப்புழு மருந்து அடித்திருந்தார். 2018-ல் படைப்புழு நம் நாட்டுக்குள் வந்ததிலிருந்து மக்காச்சோளத்துக்கு மருந்தடிப்பது கூடிவிட்டது. காற்று இந்தப் பக்கம். வரப்போர வரிசைத் தண்டுகளை வெட்டிக் காலையில் போட்டிருக்கிறார்கள். மதியத்துக்குள் புழுக்கள் தலையை ஆட்டி, வாயால் பச்சை நீரைக் கக்கி, சுருங்கிச் செத்தன. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா செத்த புழுவைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய இருபதாயிரம் புழு.

அடுத்த காட்டுக்காரர் மேல் தவறில்லை. பக்கத்தில் புழு வளர்ப்பு நடக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகள் மருந்து விற்ற எனக்கு அதை முன்பே எச்சரிக்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்தக் குறை என்னுடையது.

ஆனால் அந்த மாதம் அவர்கள் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஏழாம் தேதி சம்பளம் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். முழுதும் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே எண்ணிப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு ‘அப்பவே விட்டிருக்கலாம்’ என்ற பேச்சு எழவில்லை.

வரப்போரம் அகத்தி நட்டார்கள். அக்கம்பக்கத்து மூன்று காட்டுக்காரர்களிடமும் நேரில் போய், மருந்தடிக்கும் முதல் நாளே சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து வரிசைகளை வெட்டுமுன் ஐம்பது புழுவுக்கு மட்டும் போட்டு ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போடுகிறார்கள். மே மாத வெயிலில் மூன்றாம் வளர்ப்பு 28 கிலோதான். கூரை மேல் ஈரச் சாக்குப் போட்டும் வெப்பம் தணியவில்லை. பெரிய புழுவுக்கு 24 முதல் 26 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும் என்று படித்ததன் பொருள் அப்போதுதான் புரிந்தது. அந்தப் பாடத்தைக் கீற்றுக் கொட்டகையில் கற்றது அவர்கள் பாக்கியம். கடன் வாங்கிக் கட்டிய மனையில் கற்றிருந்தால் பாடத்துக்கு வட்டியும் கட்ட நேர்ந்திருக்கும்.

அந்த ஜூனில் இன்னொரு அரை ஏக்கர் நட்டார்கள். நவம்பரில் கணவருக்குப் பத்து ஆண்டு சர்வீஸ் முடிந்தது. டிசம்பர் 2023-ல், ஐந்து வளர்ப்புகள் பார்த்த பிறகு, கம்பெனிக் கணக்கை முடித்தார். நிரந்தர மனையை அதற்குப் பிறகே கட்டினார்.

தொழில் மாறுமுன் கவனிக்க வேண்டியவை

இந்தக் குடும்பத்தின் அனுபவத்திலிருந்து சிலவற்றை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. வீட்டுச் செலவைத் தனியாக எழுதுங்கள். மூன்று மாதம் நோட்டுப் போட்டு எழுதினால் உண்மை தெரியும். எழுதுவதை வீட்டுப் பெண்களிடம் விடுங்கள். நம்மைவிட அவர்களுக்குத்தான் அது தெரியும்.

2. சர்வீஸ் கணக்கைப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியம் மாதாமாதம் கிடைக்க 10 ஆண்டுப் பணி வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை கிடைக்கப் பொதுவாக 5 ஆண்டுத் தொடர் பணி வேண்டும். நாலரை ஆண்டிலோ ஒன்பது ஆண்டிலோ அவசரப்பட்டு விடுபவர், அறுவடைக்குப் பத்து நாள் முன்பு வயலை விட்டுப் போகிறவரைப் போன்றவர். வேலையோடு ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் போய்விடும். சிறு குழந்தை உள்ள வீட்டில் அதற்கு மாற்று ஏற்பாடு செய்த பிறகே விலக வேண்டும்.

3. பி.எப். பணம் முழுவதையும் மனையில் போடாதீர்கள். நான் முன்பு சொன்ன இடைக்காலத் தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதில்தான் முதலீடு.

4. கடன் வாங்கினால் தவணை எப்போது தொடங்கும் என்று வங்கியில் கேளுங்கள். பயிர் வருமானம் தருமுன் தவணை தொடங்கும் கடன், சம்பளம் இல்லாத வீட்டுக்கு ஆகாது. முதல் ஆண்டுக்கு அசல் கேட்காத ஏற்பாடு உண்டா என்று விசாரியுங்கள்.

5. தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு மாத இடைவெளியில் கவாத்து செய்யுங்கள். ஒரு பாத்தி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இலைக்கு வரும். இரண்டு பாத்தி இருந்தால் மாதாமாதம் கையில் பணம் வரும். சம்பளத்துக்குப் பழகிய குடும்பத்துக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் ஒரு வளர்ப்புக்கும் அடுத்ததற்கும் இடையே மனையைக் கழுவிக் கிருமி நீக்கம் செய்ய நாட்கள் விட வேண்டும். அதைக் குறைத்தால் பால்புழு நோய் குடிவந்துவிடும்.

6. கூட்டின் விலையை உச்ச விலையில் கணக்கிடாதீர்கள். தருமபுரி அங்காடியானாலும் கர்நாடகத்து ராமநகரம் ஆனாலும் ஏலம் நாளுக்கு நாள் மாறும். சென்ற ஆண்டில் வந்த மிகக் குறைந்த விலையை வைத்துக் கணக்குப் போடுங்கள். அதிலும் வீடு ஓடும் என்றால் துணிந்து இறங்கலாம்.

7. பிளீச்சிங் தூள், சுண்ணாம்பு, கிருமி நீக்க மருந்துகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். புழுவும் குழந்தையும் ஒரே அறையில் வளர வேண்டாம்.

8. கைக்குழந்தை உள்ள வீட்டில், உதவிக்கு மாமியாரோ தாயோ கொழுந்தியாளோ இல்லையென்றால், தொடங்குவதை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். ஒரு வருடத்தில் பூமி எங்கேயும் போய்விடாது. அந்த வருடத்தில் பக்கத்து ஊர்ப் புழுமனையில் ஒரு வளர்ப்பு முழுவதும் கூட இருந்து வேலை செய்யுங்கள். இந்த ஐந்து நாள் பயிற்சியைவிட அது அதிகம் கற்றுத் தரும்.

கணவன் மனைவி இருவரும் கேட்க வேண்டியது

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். தொழிலை மாற்றுவது வீட்டுத் தலைவர் என்று நாம் பேசுகிறோம். ஆனால் மாறுகிற தொழிலின் வேலை நேரம் பெண்களின் தலையில்தான் விழுகிறது. காலை, மதியம், மாலை என்று தழை போடுவது அவர்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதும் அவர்கள். ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் ஏக்கருக்கு என்ன லாபம் என்று பேச்சைத் தொடங்காதீர்கள். ‘இந்த வேலையை நாம் இரண்டு பேரும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது?’ என்று தொடங்குங்கள். என் வீட்டில் அந்தக் கேள்வியை நான் 2013-ல் கேட்கவில்லை. அந்தச் சங்கிலியை மீட்க மூன்று ஆண்டு ஆயிற்று. மீட்டுக் கொடுத்த அன்று என் மனைவி சொன்னது ஒன்றுதான்: “முன்னாடியே சொல்லியிருந்தா நானே கழற்றிக் கொடுத்திருப்பேன்.”

‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்று இரண்டுங்கெட்டானைப் பழிப்பார்கள். ஆனால் வெள்ளம் ஓடும் ஆற்றைக் கடந்தவர்களுக்குத் தெரியும்: முன்கால் தரையைத் தொட்டு உறுதியான பிறகுதான் பின்கால் எழும்ப வேண்டும். தோளில் குழந்தை இருக்கும்போது அந்த நிதானம் இரட்டிப்பாக வேண்டும்.

அரை ஏக்கரில் தொடங்குங்கள். இடைக்காலத்தை எண்ணி ஒதுக்குங்கள். ஒரு தோல்வியைச் சம்பளம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். பிறகு தைரியமாக வாருங்கள். சந்தேகம் இருந்தால் எங்கள் நிலையத்துக்குத் தம்பதியாக வந்து கேட்கலாம். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடலாம்.